கரண்ட் வைத்தால் வலி போகுமா?

1960களின் நடுவே, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டு பேர் தங்கள் முகத்திலேயே ஒரு சோதனையைச் செய்துகொண்டார்கள். பாட்ரிக் வால் நரம்பியல் ஆய்வாளர். வில்லியம் ஸ்வீட் மூளை, நரம்பு அறுவை மருத்துவர். கண்ணுக்குச் சற்றுக் கீழே எலும்பில் ஒரு சிறு துளை இருக்கிறது. கன்னத்திலும் மேலுதட்டிலும் படுவதையெல்லாம் மூளைக்குச் சொல்லும் நரம்பு அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. அங்கே ஊசி போன்ற மின்முனையைச் செருகிக்கொண்டு, மிகச் சிறிய மின்துடிப்புகளை அந்த நரம்புக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கன்னம் குறுகுறுத்தது. குறுகுறுப்பு இருந்தவரை, அதே இடத்தில் ஊசியால் குத்தினால் வழக்கமான வலி தெரியவில்லை.

அதன் பிறகுதான் நோயாளிகளிடம் போனார்கள். தோலில் தீராத கடும் வலியோடு வாழ்ந்த 8 பேர். வலிக்கும் இடத்துக்கான நரம்பில் நொடிக்கு 100 துடிப்புகள் கொடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது. குறுகுறுப்பு வரும்வரை அளவை ஏற்றினார்கள். முன்பு தொட்டாலே துடித்த இடத்தை அழுத்தியபோதும் வலி கிளம்பவில்லை. நரம்பிலேயே நோய் இருந்த 4 பேருக்கு இரண்டு நிமிடம் கொடுத்த மின்தூண்டலின் பலன் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. தலைப்பிலேயே, மனிதனின் வலியைத் தற்காலிகமாக நீக்குவது பற்றியது என்று அடக்கமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தத் ‘தற்காலிகமாக’ என்பதை இன்றைய விளம்பரங்கள் விட்டுவிட்டன. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

இன்று அந்த மின்சாரம் நம் வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது. கைக்குள் அடங்கும் பெட்டி, இரண்டு ஒயர், ஒட்டிக்கொள்ளும் நான்கு பேடுகள். இன்னும் புதிய வகைகளில் ஒயரே கிடையாது. கெண்டைக்காலில் மாட்டும் பட்டை, நெற்றியில் ஒட்டும் சில்லு, புஜத்தில் கட்டும் பட்டி என்று வந்துவிட்டன. செல்போனிலிருந்தே அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். மருத்துவர்கள் இந்த முறையை டென்ஸ் என்பார்கள். தோலின் மேலிருந்தே நரம்பை மின்சாரத்தால் தூண்டுவது என்பது அதன் பொருள். பிசியோதெரபி போய்வந்த நம் வீட்டுப் பெரியவர்களோ ‘கரண்ட் வெச்சாங்க’ என்று சொல்லிவிடுவார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான், எங்கே வேலை செய்யாது என்பதும் புரியும்.

நம் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் முதுகுத்தண்டுக்குப் போகும் நரம்பு இழைகள் எல்லாம் ஒரே தடிமன் அல்ல. தொடுகை, அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைச் சுமக்கும் இழைகள் தடித்தவை. அவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கும். செய்தி நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடும். சுரீரென்ற வலியைச் சுமப்பவை மெல்லியவை, உறையும் மெல்லியது, வேகம் நொடிக்கு 15 மீட்டர் போல இருக்கும். மந்தமான, எரிகிற, பிடித்து இழுக்கிற வலியைச் சுமக்கும் இழைகளுக்கு உறையே இல்லை. அவற்றில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும்.

இருட்டில் கட்டில் காலில் பெருவிரலை இடித்துக்கொள்ளும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். விரலிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். ‘எதிலோ இடித்துவிட்டோம்’ என்ற செய்தி ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் போய்ச் சேர்கிறது. சுரீரென்ற குத்தல், பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் வந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு சின்ன இடைவெளி. ‘ஐயோ, இப்போ வரப்போகுது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோமே, அந்த நொடி. பிறகுதான் விண்விண்ணென்று அந்தப் பெரிய வலி வந்து சேர்கிறது. உறையில்லாத இழைகள் தாமதமாகக் கொண்டுவந்த செய்தி அது. அதற்குள் நம் கை தானாக விரலைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கிவிடும்.

ஏன் தேய்க்கிறோம்? தேய்த்தால் ஏன் குறைகிறது? இந்தச் சாதாரணக் கேள்விக்கு 1965 வரை ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு ஒரே நேர்வழி உண்டு, காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்பதே நெடுங்காலம் நிலைத்திருந்த எண்ணம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் வலியை விளக்கிய விதமும் இதுதான். காலில் நெருப்புப் பட்டால் கயிற்றை இழுத்து மணியடிப்பது போலச் செய்தி தலைக்குள் போய் ஒலிக்கிறது என்றார் அவர்.

முன்பு சொன்ன பாட்ரிக் வாலும், மாண்ட்ரியலில் பிறந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் 1965இல் இதை மறுத்து எழுதினார்கள். தண்டுவடத்தின் பின்பக்கம், உணர்ச்சி நரம்புகள் வந்து நுழையும் இடத்தில், ஜெல்லி போலத் தோன்றும் ஒரு பகுதி இருக்கிறது. வலிச் செய்தி மேலே போகும் முன் அங்கே ஒரு வாயிலைக் கடக்க வேண்டும் என்றார்கள். தடித்த இழைகள் வழியே தொடுகைச் செய்தி நிறைய வந்தால், அங்குள்ள சிறு நரம்பணுக்கள் தூண்டப்பட்டு வாயிலை ஒருக்களித்து மூடுகின்றன. மெல்லிய இழைகளின் வலிச் செய்தி குறைவாகவே மேலே ஏறுகிறது. அதோடு, மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி அந்த வாயிலைத் திறக்கவோ மூடவோ முடியும். பயந்திருக்கும்போது வலி கூடுவதற்கும், கவனம் வேறெங்கோ இருக்கும்போது குறைவதற்கும் இப்படி ஓர் உடலியல் காரணம் கிடைத்தது.

அவர்கள் வரைந்த இணைப்புப் படத்தின் சில விவரங்கள் பிற்காலச் சோதனைகளில் நிற்கவில்லை. ஆனால் மையக் கருத்து நின்றது. வலி தண்டுவடத்திலேயே கூட்டிக் குறைக்கப்படுகிறது. மருத்துவத்தில் இதன் பயனை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை, உனக்கு வலிப்பதாக நினைப்பு’ என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதற்கு இருந்த அறிவியல் சாக்கு அத்தோடு போயிற்று.

இனி மின்சாரத்துக்கு வருவோம். தேய்ப்பதற்குப் பதில் மின்சாரம் எதற்கு? கை சலிக்கும், மின்சாரம் சலிக்காது என்பது ஒரு பதில். அதைவிட அழகான பதில் இயற்பியலில் இருக்கிறது. வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுக்கும்போது, தடித்த இழைகள்தான் முதலில் தூண்டப்படும். அவற்றை எழுப்பக் குறைந்த மின்னோட்டம் போதும். துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தாலும் போதும். மெல்லிய வலி இழைகளை எழுப்ப அதிக மின்னோட்டமோ நீண்ட துடிப்போ வேண்டும். ஆகவே 50 முதல் 250 மைக்ரோ நொடி வரையிலான குறுந்துடிப்புகளைக் கொடுத்தால், வலியைக் கிளப்பாமலே தொடுகை இழைகளை மட்டும் தட்டியெழுப்ப முடிகிறது. எந்த இழைகளை எழுப்பினால் வாயில் மூடுமோ, அவையே மின்சாரத்துக்கு முதலில் இசைகின்றன. இந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் டென்ஸ் என்ற ஒன்றே இருந்திருக்காது.

கருவியை மெதுவாக ஏற்றிப் பார்த்தால் இதை நம் தோலிலேயே உணரலாம். முதல் சில மில்லி ஆம்பியரில் ஒன்றும் தெரியாது. பிறகு பேடின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல ஓர் உணர்வு. இன்னும் ஏற்றினால் பேடுக்கு அடியிலும், சில சமயம் நரம்பு போகும் வழியெங்கும் குறுகுறுவென்று பரவும். மேலும் ஏற்றினால் தசை துடிக்கும், அல்லது இறுகும். அதற்கும் மேலே போனால் வலிக்கும். குறுகுறுப்பு தொடங்கும் புள்ளிக்கும் வலி தொடங்கும் புள்ளிக்கும் இடையே உள்ள இந்த அகலத்தில்தான் சிகிச்சை நடக்கிறது.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது சிறு பேட்டரிதான். தோலின் மின்தடையைத் தாண்டுவதற்காகச் சுற்று அதன் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. மின்னோட்டம் பெரும்பாலும் இரு பேடுகளுக்கு இடையிலுள்ள பகுதியோடு நின்றுவிடுகிறது. நல்ல கருவிகளில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு திசையில் போய் உடனே எதிர்த்திசையில் திரும்பும். மின்னேற்றம் ஒரே பக்கம் தேங்கினால் தோல் புண்ணாகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

வாயில் மட்டும்தான் காரணம் என்றால், கருவியை அணைத்த மறுகணமே வலி முழுதாகத் திரும்ப வேண்டும். பலருக்கு அப்படித்தான் ஆகிறது. சிலருக்குச் சற்று நேரம் நீடிக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹ்யூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் உடல் தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருட்களைக் கண்டுபிடித்தபோது இதற்கும் ஒரு துப்பு கிடைத்தது. மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நொடிக்கு 2 முதல் 4 துடிப்பு என்ற மெதுவான, ஆனால் பலமான மின்தூண்டல் தந்த நிவாரணம் அந்த மருந்தால் குறைந்தது. வேகமான தூண்டலில் அப்படிக் குறையவில்லை. பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஸ்லூக்காவும் அவர் குழுவும் விலங்குகளில் செய்த சோதனைகள் இதை விரித்துக் காட்டின. மெதுவான தூண்டல் ஒருவகை ஓபியாய்டு ஏற்பிகள் (மார்ஃபின் போன்ற பொருட்கள் வந்து ஒட்டும் இடங்கள்) வழியாகவும், வேகமான தூண்டல் இன்னொரு வகை ஏற்பிகள் வழியாகவும் வேலை செய்கிறது.

இது ஆய்வகத்துக்குள் அடங்கிவிடும் விஷயம் அல்ல. மார்ஃபின் வகை வலி மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவரின் உடல் அந்த முதல் வகை ஏற்பிகளில் பழகிப்போயிருக்கும். அவருக்கு மெதுவான தூண்டல் பலன் தராது. வேகமானதை முயன்று பார்க்கலாம். அதேபோல் டென்ஸுக்கே உடல் பழகிவிடுகிறது. ஒரே அளவில், ஒரே வேகத்தில் தினமும் வைத்தால் நாலைந்து நாட்களில் பலன் மங்குவதை விலங்குகளிலும் மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். ஓடும் மின்விசிறியின் சத்தம் சற்று நேரத்தில் காதுக்குத் தெரியாமல் போவதுபோல, ஒரே உட்காரலிலும் குறுகுறுப்பு மெல்ல மறைந்துவிடும். அப்போது அளவைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ‘முதல் வாரம் நல்லா இருந்துச்சு, அப்புறம் ஒண்ணுமில்ல’ என்று கருவியைப் பரணில் போடுகிறவர்களில் பலருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காபி குடிக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1995இல் கனடா ஆய்வாளர்கள் 200 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துச் சோதித்தார்கள். இரண்டு கப் காபியில் இருக்கக்கூடிய அளவு அது. கஃபீன் எடுத்தவர்களுக்கு டென்ஸின் வலிக்குறைப்பு குறைந்துபோனது. தொடுகை இழைகள் வலியை அடக்கப் பயன்படுத்தும் அடினோசின் என்ற பொருளின் ஏற்பிகளைக் கஃபீன் அடைத்துக்கொள்கிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கருவியை மாட்டுவதற்குச் சற்று முன்னால் டம்ளரைக் கையில் எடுக்காமல் இருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

மின்சாரத்தால் வலி தீர்க்கும் ஆசை மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைவலிக்கு நெற்றியில் வைக்கவும், கீல்வாதத்துக்குக் காலடியில் வைத்து முழங்கால்வரை மரக்கும் மட்டும் நிற்கவும் எழுதிவைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் புல்வர்மாக்கர் என்பவரின் மின்சாரச் சங்கிலிப் பட்டைகள் விற்றன. எல்லா நோயும் தீரும் என்று விளம்பரம். 1919இல் அமெரிக்காவில் எலெக்ட்ரீட் என்ற பேட்டரிக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதன் விளம்பரமும் அளவு மீறியதால் அரசு வழக்குத் தொடுத்தது. உருப்படியான வழி பிறந்தது 1967க்குப் பிறகு. நார்மன் ஷீலி என்ற அறுவை மருத்துவர் தண்டுவடத்துக்கு அருகிலேயே மின்முனையைப் பதிக்கத் தொடங்கினார். யாருக்கு அந்த அறுவை பலன் தரும் என்று முன்கூட்டிப் பார்க்க, முதலில் தோலின் மேல் மின்தூண்டல் கொடுத்துச் சோதிப்பது வழக்கமாயிற்று. சிலர், ‘இதுவே போதும் டாக்டர், ஆபரேஷன் வேண்டாம்’ என்ற நிலையில் இருந்தார்கள். 1974இல் மெட்ரானிக் நிறுவனத்தின் டொனால்ட் மாரர், நோயாளி உடலில் அணிந்துகொண்டு நடமாடக்கூடிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பட்டைகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

சரி, ஆதாரம் என்ன சொல்கிறது? இங்கேதான் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

1990இல் ரிச்சர்ட் டேயோவும் உடன் பணியாற்றியவர்களும், நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 145 பேரிடம் செய்த ஆய்வு பெரும் அடியாக விழுந்தது. உண்மையான டென்ஸ் வைத்தவர்களின் வலி அளவுகள் 47 விழுக்காடு மேம்பட்டன. மின்சாரமே வராத போலிக் கருவி வைத்தவர்களுக்கும் 42 விழுக்காடு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2012இல் அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, நாட்பட்ட இடுப்பு வலிக்கான டென்ஸுக்குப் பணம் தருவதை ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. பிரிட்டனில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பும் 2016இல் இடுப்பு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றது. 2019இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, நாட்பட்ட வலி பற்றிய 51 ஆய்வுகளை அலசிவிட்டு, ஆய்வுகளின் தரம் தாழ்ந்திருப்பதால் நன்மை உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது.

இன்னொரு பக்கம், லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஜான்சன் குழு 2022இல் 381 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் போலிக் கருவியைவிட உண்மைக் கருவி வலியைக் கூடுதலாகக் குறைக்கிறது என்றும், கடுமையான பக்கவிளைவுகள் இல்லை என்றும் முடிவு வந்தது.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வலியை எப்போது அளந்தார்கள், எந்த அளவில் மின்சாரம் வைத்தார்கள் என்று பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. பழைய ஆய்வுகள் பலவற்றில் மின்னோட்டம் லேசாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். பலமாக, ஆனால் வலிக்காமல் இருக்கும் அளவுக்கு ஏற்றினால்தான் நிவாரணம் வருகிறது என்பது பிறகுதான் தெளிவாயிற்று. பல ஆய்வுகள் கருவியைக் கழற்றிப் பல மணி நேரம், சில நாட்கள் கழித்து வலியைக் கேட்டன. ஓடும்போது மட்டுமே வேலை செய்யும் ஒன்றிடம் அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இன்னும் சிலவற்றில் நோயாளி படுத்திருக்கும்போது வலியைக் கேட்டார்கள். மூட்டுத் தேய்மானக்காரருக்குப் படுத்திருக்கும்போது அவ்வளவாக வலியே இருக்காது. எழுந்தால், நடந்தால், படி ஏறினால்தான் உயிர் போகும்.

போலிக் கருவியும் சுலபமான காரியம் அல்ல. மாத்திரை என்றால் மாவு மாத்திரை கொடுத்துவிடலாம். கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியுமே! ஸ்லூக்காவின் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். போலிக் கருவி முதல் 30 நொடி உண்மையிலேயே மின்சாரம் தரும். அடுத்த 15 நொடியில் மெல்ல இறங்கி நின்றுவிடும். நோயாளி குறுகுறுப்பை உணர்ந்திருப்பார். அது நின்றதை, உடல் பழகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். பேட் ஒட்டும் ஆய்வாளருக்கும் எது உண்மை என்று தெரியாது.

இந்த முறையில், உடலெங்கும் வலியும் களைப்பும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 301 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து, 2020இல் வெளியானது. அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம், வீட்டு வேலை, நடை என்று இயங்கிக்கொண்டிருக்கும்போதே கருவியை அணிய வேண்டும். வலியை அளந்ததும் நடக்கும்போதுதான். நான்கு வாரம் கழித்து, உண்மைக் கருவி அணிந்தவர்களில் 70 விழுக்காட்டினர் தாங்கள் மேம்பட்டதாகச் சொன்னார்கள். போலிக் கருவிக்காரர்களில் 31 விழுக்காடு. ஒன்றும் வைக்காதவர்களில் 9. வலியின் அளவு மட்டும் பார்த்தால், பத்துக்கு ஒரு புள்ளி அளவில்தான் போலியைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய வித்தியாசம்தான், ஆனால் அந்தச் சின்னக் குறைப்பு நடக்க விடுகிறது, நடப்பது மற்ற நன்மைகளைக் கொண்டுவருகிறது. டென்ஸ் பற்றி நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான்: இதைப் படுக்கையில் வைக்காதீர்கள், நடையில் வையுங்கள்.

என் பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி, பேடுகளை ஒட்டிக்கொண்டு கண்ணயர்வார். எழுந்ததும் வலி அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் பார்த்துவிட்டு, ‘படுத்துட்டு வைக்காதீங்கம்மா. மாட்டிக்கிட்டே பத்துத் தடவை நாற்காலில உக்காந்து எழுந்திரிங்க, அப்புறம் வாசல் வரைக்கும் நடங்க’ என்றார். முட்டிச்சில்லுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பேடுகளை இடம் மாற்றி ஒட்டினார். பெரியம்மா முகத்தைச் சுளிக்கும்வரை அளவை ஏற்றி, அங்கிருந்து ஒரு புள்ளி இறக்கினார். தொடையின் முன்தசை வலுப்பட்டால்தான் மூட்டுக்குப் பாரம் குறையும்; அந்தப் பயிற்சியை வலி விடாமல் தடுக்கிறது; அந்தத் தடையைக் கொஞ்ச நேரம் விலக்கத்தான் இந்தப் பெட்டி என்று அவர் சொன்னது, நான் படித்த பல ஆய்வுரைகளைவிடத் தெளிவாக இருந்தது.

அணிகருவி என்ற புதிய வடிவம் இந்த இடத்தில்தான் உண்மையாகவே உதவுகிறது. ஒயர் தொங்கும் பெட்டியோடு அடுப்படியில் நிற்பது சிரமம். துணிக்கு அடியில் ஒரு பட்டை என்றால் வேலை தடைப்படாது. அமெரிக்காவின் நியூரோமெட்ரிக்ஸ் நிறுவனம் 2015இல் க்வெல் என்ற கெண்டைக்கால் பட்டையைக் கொண்டுவந்தது. அணிபவரின் அசைவையும் தூக்கத்தையும் உணரிகளால் அறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும் கருவி, நல்ல பொறியியல். ஆனால் காலில் மாட்டினால் உடலின் எந்த மூலையில் இருக்கும் நாட்பட்ட வலியும் குறையும் என்பதுபோல விளம்பரம் செய்தார்கள். அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2020இல் நிறுவனம் குறைந்தது 40 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதே கருவியை ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று தனியே ஆய்ந்து காட்டியபோது, 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பட்டையில் குறை இல்லை, பேச்சில்தான் இருந்தது.

ஒற்றைத் தலைவலியில் இன்னும் துல்லியமான வேலை நடந்திருக்கிறது. பெல்ஜியத்தில் உருவான செஃபாலி என்ற கருவி, புருவங்களுக்கு நடுவே நெற்றியில் ஒட்டி, அங்கே ஓடும் நரம்புக் கிளைகளைத் தினமும் 20 நிமிடம் தூண்டுகிறது. 67 பேரிடம் நடந்த ஆய்வில், உண்மைக் கருவி அணிந்தவர்களில் 38 விழுக்காட்டினருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தன. போலிக் கருவியில் அது 12 விழுக்காடு. 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலி வருமுன் தடுக்கவென்று அங்கே அனுமதி பெற்ற முதல் டென்ஸ் கருவி அதுதான்.

இஸ்ரேலின் தெரானிகா நிறுவனம் செய்த நெரிவியோ, தலைவலிக்குப் புஜத்தில் கட்டுவது. கேட்டால் விநோதமாக இருக்கும். கையில் கொடுக்கும் பலமான, ஆனால் வலிக்காத தூண்டல் மூளைத்தண்டை எட்டி, அங்கிருந்து உடல் முழுவதற்குமான வலியடக்கும் கட்டளையைக் கிளப்புகிறது. மெல்சாக்கும் வாலும் சொன்ன ‘மேலிருந்து வரும் கட்டளை’யை நேரடியாகப் பயன்படுத்தும் முறை என்று இதைச் சொல்லலாம். 2019இல் வெளியான, 252 பேர் கலந்துகொண்ட ஆய்வில், தலைவலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கட்டிக்கொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது, போலியில் 39. இதை ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2023இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாத்திரை அதிகம் போட்டதாலேயே தலைவலி கூடிக்கொண்டிருப்பவர்களுக்கு மருந்தில்லாத ஒரு வழி கிடைப்பது பெரிய விஷயம்.

கடையிலும் இணையத்திலும் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். டென்ஸும் தசையைச் சுருக்கும் ஈ.எம்.எஸ். கருவியும் ஒன்றல்ல. வயிற்றில் கட்டினால் தொப்பை கரையும் என்று விற்கும் பட்டைகள் இரண்டாம் வகை. வலிக்காக அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. இதயத்தில் பேஸ்மேக்கரோ அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவியோ பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெளித் துடிப்பை இதயத் துடிப்பென்று அந்தக் கருவி தவறாக எண்ணிவிடலாம். கழுத்தின் முன்பக்கத்தில் யாருமே வைக்கக் கூடாது. அங்குள்ள நரம்பு முனைகள் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சட்டென்று இறக்கிவிடக் கூடியவை. நெஞ்சுக்குக் குறுக்கேயும், கர்ப்பிணிகள் வயிற்றிலும், புண் உள்ள தோலிலும், புற்றுநோய்க் கட்டியின் மேலும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. உணர்ச்சி இல்லாத தோலில் ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள். தோல் வெந்துபோனாலும் தெரியாது. முதலில் அந்த இடத்தில் கூர்மையானதும் மழுங்கியதும் பிரித்துத் தெரிகிறதா என்று யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அங்கே ஒட்ட வேண்டாம். பேடின் பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டால், மின்சாரம் முழுதும் சிறு இடத்தில் குவிந்து சுருக்கென்று குத்தும். எண்ணெய் தேய்த்த காலில் ஒட்டாதீர்கள். சோப்பால் கழுவித் துடைத்த பிறகு ஒட்டுங்கள். பேட் தேய்ந்துவிட்டால் புதியது வாங்குங்கள்.

காரணம் தெரியாத வலிக்கு இதை வைக்கவே வைக்காதீர்கள். நெஞ்சுவலி, இடது கைக்கு இறங்கும் வலி, காய்ச்சலோடு முதுகுவலி, சிறுநீர் அடக்க முடியாமல் போகும் இடுப்பு வலி ஆகியவற்றுக்குப் பேட் தேடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மற்றபடி மூட்டுக்கோ இடுப்புக்கோ வாங்க நினைக்கிறவர்கள், பணம் கொடுக்கும் முன் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய் வைத்துப் பாருங்கள். அளவைப் பலமாக ஏற்றச் சொல்லுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடந்து பாருங்கள், ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் நடை சுலபமாகவில்லை என்றால், அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம்.